கலரக்காவும் இரண்டு சாம்பலும்

அந்தப் பட்டறையில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. கூடப்பிறந்த அண்ணன்தான் முதலாளி. அவர் "ஏம்மா" என்பார். மற்ற எல்லோருக்கும் அவள் கலரக்கா. இடிபட்டு வரும் கார்களைத் தட்டி நிமிர்த்தி, பட்டி பூசி, தேய்த்து வழவழப்பாக்குவது மற்றவர்கள் பாடு. அப்படித் தயாரான கதவுக்கோ மூக்குக்கோ அடிக்க வேண்டிய பெயிண்டை, பக்கத்தில் இருக்கும் பழைய பெயிண்டோடு ஒட்டுத் தெரியாமல் போய்ச் சேரும்படி கூட்டிக் கொடுப்பது அவள் பாடு. வண்டிக் கம்பெனி சொல்லும் அளவுப்படி தராசில் வைத்து ஊற்றினால் பாதி தூரம்தான் போகும். வெயிலில் காய்ந்து, மழையில் ஊறி, கண்ட சோப்பையும் போட்டுக் கழுவப்பட்ட வண்டி தன் பிறவி நிறத்திலேயே நின்றுகொண்டிருக்குமா? மீதிப் பாதி அவள் கண்.

நிறங்களைப் பற்றி அவள் மனிதர்களைப் பற்றிப் பேசுவது போலவே பேசுவாள். "இந்தச் சிவப்புக்குக் கொஞ்சம் வாய் நீளம், அடக்கணும்" என்று ஒரு சொட்டுக் கறுப்பு விடுவாள். "இது அழுமூஞ்சி நீலம்" என்று ஒரு டின்னை ஓரங்கட்டுவாள். பெயிண்ட் அடிக்கும் துப்பாக்கியைப் பிடித்துப் பிடித்துத் துப்பாக்கி என்றே பெயராகிப்போனவன், முகமூடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுக்கொண்டு கேட்பான்: "அக்கா, ஒண்ணா இருக்கா?" சின்னத் தகட்டில் அடித்த மாதிரியை அவள் வாசல் நிழலில் வண்டியோடு ஒட்டிப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, "ஒண்ணா இருக்கு, அடி" என்பாள். அந்த வார்த்தைக்கு மேல் அங்கே அப்பீல் கிடையாது.

இந்த நிலையில்தான் கணக்கு வாத்தியாரின் வண்டி திரும்பி வந்தது. சாம்பல் நிற வண்டி. யாரோ உரசிவிட்டுப் போன பின்கதவைச் சரிசெய்து, அடித்து, பளபளவென்று அனுப்பிய வண்டி. வாத்தியார் இறங்கி, சாவியைக்கூட எடுக்காமல், கதவைச் சுட்டிக் காட்டினார்.

"இது மட்டும் ஏங்க ரோஸ் அடிக்குது?"

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். கலரக்கா தள்ளி நின்றும் பார்த்தாள், ஒட்டி நின்றும் பார்த்தாள். கதவும் வண்டியும் ஒரே சாம்பல்.

"எங்க சார் ரோஸ்? எனக்குத் தெரியலையே."

"இங்க தெரியாதும்மா. எங்க அப்பார்ட்மெண்ட் பார்க்கிங்ல வந்து பாருங்க. கீழ இருக்கு, அடித்தளத்துல."

"உங்க அடித்தளத்துல பேய் கீய் இருக்கப்போகுது சார்" என்றான் துப்பாக்கி. வாத்தியார் சிரிக்கவில்லை. பரீட்சைத் தாளைத் திருத்தும்போது பார்ப்பது போல அவனைப் பார்த்தார். அண்ணன் அவனை முறைத்துவிட்டு, தங்கையை ஏற்றிக்கொண்டு வாத்தியாரின் பின்னாலேயே போனார்.

அடித்தளத்தில் வெள்ளை வெளேரென்று குழல் விளக்குகள். வண்டி அதன் இடத்தில் போய் நின்றதும் கலரக்கா கதவருகே போய்க் குனிந்தாள். கதவு ரோஸாகத்தான் இருந்தது. அறை வாங்கிய கன்னம் மாதிரி, அந்த ஒரு கதவு மட்டும். விரலால் தேய்த்துப் பார்த்தாள். எச்சில் தொட்டுத் தேய்த்தாள். பிறகு வண்டியை மேலே வெயிலுக்கு எடுக்கச் சொன்னாள். சாம்பல். கீழே கொண்டுபோகச் சொன்னாள். ரோஸ்.

"நான் பொய் சொல்றேனா?" என்றார் வாத்தியார். "இதை விற்கப் போனா வாங்கறவன் என்ன சொல்லுவான்? பெரிய ஆக்சிடெண்ட் வண்டின்னு சொல்ல மாட்டான்?"

திரும்பி வந்து பட்டறை வாசலில் வண்டியை அணைத்துவிட்டு, அண்ணன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கண்ணை ஒரு தடவை காட்டிட்டு வந்துடும்மா. அதுவரைக்கும் நீ ஆபீஸ் ரூம்ல உட்கார்ந்து போன் எடு."

"கண்ணுக்கு என்னண்ணே?"

"ஒண்ணும் இல்லேன்னா சந்தோஷம்தானே."

கண் மருத்துவர் எழுத்துகளைப் படிக்கச் சொன்னார், புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணைக் கண்டுபிடிக்கச் சொன்னார், கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். "உங்க கண்ணுக்கு என்ன குறை? எனக்கே இப்படி இருந்தா தேவலை" என்றார். வேறு யாராக இருந்தாலும் இனிப்பு வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். கலரக்காவுக்கோ இருந்த ஒரு பிடியும் கைநழுவிய மாதிரி இருந்தது. கண் கெட்டுப்போயிருந்தால் கதைக்கு ஒரு முடிவு இருந்திருக்கும். இப்போது கண் நல்ல கண், கதவு நல்ல கதவு. ஆனாலும் கதவு ரோஸ்.

அண்ணன் சீட்டை வாங்கிப் பார்த்தார். "டாக்டர் சொல்றது சரி. ஆனா நானும்தானே பார்த்தேன் அங்க? உன்னைக் குத்தம் சொல்லல. ஏன் அப்படி ஆச்சுன்னு தெரியாம திரும்ப உன்கிட்ட கலர் பெஞ்சைக் கொடுத்தா, நாளைக்கு இன்னொரு கதவு வந்து நிக்கும். காரணம் தெரியட்டும். அப்புறம் நில்லு."

நிறம் கூட்டும் பெஞ்சு தற்காலிகமாகத் துப்பாக்கிக்குப் போனது. அவன் ஒவ்வொரு கலவைக்கும் ஆபீஸ் ஜன்னல் வழியாக அவளைத் திருட்டுத்தனமாகப் பார்த்தான். அவள் தலையை ஆட்டினாள் அல்லது ஆட்டவில்லை. பிறகு தனக்கே தன் தலையாட்டலில் நம்பிக்கை போய், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

வீட்டில் அவள் பண்ணிய கூத்து தனி. தட்டை எடுத்துக்கொண்டு சமையலறை விளக்கடியில் பார்ப்பாள், பால்கனியில் போய்ப் பார்ப்பாள், குளியலறைக்குள் கொண்டுபோய்ப் பார்ப்பாள். பஸ் ஓட்டிவிட்டு வந்து காலை நீட்டிக்கொண்டிருந்த கணவர் இந்த ஊர்வலத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இங்க பாரு, உன் மூஞ்சி எனக்கு எல்லா வெளிச்சத்துலயும் ஒரே மாதிரிதான் தெரியுது."

"அது கண்ணு இல்லீங்க, பயம்" என்றாள் அவள். சிரித்தாள்கூட. ஆனால் தலையணை உறை ஜன்னலோரம் ஒரு வெள்ளையாகவும் விளக்கடியில் ஒரு வெள்ளையாகவும் இருந்ததைப் பார்த்துவிட்டாள். சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

விளக்குக்காரர் பட்டறைக்கு வந்தது அப்போதுதான். கசங்கின சட்டை, கையில் இரண்டு வெறும் அலுமினியத் தகடுகள். விளக்குகளை வைத்துச் சிற்பம் செய்கிறவராம். அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னார்.

"கார் பெயிண்ட் மாதிரி வழவழன்னு வேணும். ரெண்டு தகடும் பகல் வெளிச்சத்துல ஒரே சாம்பலா இருக்கணும். நான் வைக்கிற விளக்குல ரெண்டும் வேற வேறயாத் தெரியணும்."

அண்ணன் அவரை உற்றுப் பார்த்தார். வாத்தியார்தான் யாரையோ வேஷம் போட்டு அனுப்பியிருக்கிறாரோ என்று தோன்றியிருக்க வேண்டும்.

"எங்க பட்டறையில அதுக்கு வேற பேரு சார். கம்ப்ளைண்ட்னு சொல்லுவோம். அதை நாங்க வேணும்னு பண்றதில்ல."

ஆபீஸ் அறையில் கலரக்கா எழுந்து நின்றுவிட்டாள். போனின் மறுமுனையில் யாரோ "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

"அப்படி ஆகும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமாங்க?" என்று கேட்டாள்.

"ஆகும்னு தெரியும். ஆக வைக்கத்தான் தெரியல" என்றார் அவர்.

இப்படியாக, பட்டறையில் எந்தத் தப்புக்காக உட்கார வைக்கப்பட்டாளோ அதே தப்பைச் செய்து பழக, கலரக்கா அவருடைய வேலைக்கூடத்துக்குப் போகத் தொடங்கினாள். அண்ணன் தடுக்கவில்லை. "போன்ல நீ பேசற பேச்சுக்கு அங்கயே இரு" என்றார்.

வேலைக்கூடம் ஒரு பழைய அச்சகத்தின் மாடி. ஒரு பக்கம் உயரமான ஜன்னல். மறுபக்கம் கறுப்புத்துணி போட்டு மறைத்த மூலை, அதற்குள் விளக்கு. நடுவில் சிற்பத்தின் எலும்புக்கூடு. ஒரு மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்துச் சுவருக்கு அது போகப்போகிறது. மீனின் செவுளைப் போலத் தகடு தகடாக, ஒன்றன்பின் ஒன்றாக, சுவர் நீளத்துக்கு. பகலில் பார்த்தால் வெறும் சாம்பல் சுவர். விளக்குக்கு மாறினால் மேலிருந்து கீழே ஓர் ஓடை இறங்கி வர வேண்டும். படம் வரைந்த ஓடை அல்ல. சாம்பலுக்குள்ளேயே ஒளிந்திருக்கும் ஓடை.

"எப்படீங்க ஒரே பெயிண்ட் ரெண்டாத் தெரியும்?"

"ஒரே பெயிண்ட் இல்ல, ஒரே மாதிரித் தெரியற ரெண்டு பெயிண்ட்" என்றார். "வெயில் எல்லா நிறத்தையும் சேர்த்துக் கொண்டுவருது. இந்த விளக்கு வெள்ளையாத்தான் தெரியும். ஆனா உள்ளே சில நிறம்தான் இருக்கு, மத்த இடமெல்லாம் ஓட்டை. பெயிண்ட் தன் மேல வந்து விழுந்ததைத்தான் திருப்பி அனுப்ப முடியும். ரெண்டு பெயிண்ட் உள்ளுக்குள்ள வேற வேற வழியில சாம்பலா ஆகியிருந்தா, வெயில்ல ஒரே இடத்துல வந்து நிக்கும். இந்த விளக்குல ஒண்ணு வழி தவறிடும்."

அவர் பேசும்போது எல்லாம் விளங்கியது. அவர் நிறுத்தியதும் பூராவும் கலைந்தது. "அப்போ கதவோட நிஜ நிறம் எதுங்க?" என்று கேட்டாள். அவர் தாடியைச் சொறிந்தார். "அந்தக் கேள்வியை மட்டும் கேக்காதீங்க. படிக்கிறப்போ எங்க வாத்தியார்கிட்ட கேட்டு நான் கிளாஸுக்கு வெளிய நின்னிருக்கேன்."

கறுப்பும் வெள்ளையும் கலந்த முதல் சாம்பல் சுலபம். இரண்டாவதுதான் ஆட்டம் காட்டியது. கறுப்பே படாமல், ஊதாவும் பச்சையும் மஞ்சளும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சாம்பலாக அடங்க வேண்டும். அவள் கூட்டினாள். ஜன்னலடியில் பொருந்தியது. மறைப்புக்குள் கொண்டுபோனால் அங்கேயும் சமர்த்தாகப் பொருந்தியது. மறுபடி கூட்டினாள். இந்தத் தடவை இரண்டு இடத்திலும் பொருந்தவில்லை. விளக்குக்காரர் தன் கணினித் திரையில் ஏறி இறங்கும் கோடுகளைக் காட்டி, இந்த இடத்தில் இது பிரிய வேண்டும் என்பார். திரையில் பிரிந்தது டின்னில் பிரியவில்லை.

"உங்களுக்குத் தப்பு பண்ணவே வரலையே" என்றார் ஒருநாள், அலுப்போடு.

"தப்பைப் பார்த்தா கை தானா ஓடிடுதுங்க. ரெண்டும் விலகுதுன்னு தெரிஞ்சா நான் நெனைக்கிறதுக்கு முன்னாடியே ஒரு சொட்டு விழுந்துடுது."

"கையைக் கட்டிப் போட்டுடலாமா?"

"எங்க அண்ணன் ஏற்கெனவே கட்டிப் போட்டாச்சு" என்றாள்.

பட்டறை அலமாரி மூலையில் மிச்சம் கிடந்து அவள் கொண்டுவந்திருந்த பழைய டின் ஊதா தீர்ந்துபோனது. பட்டறைக்குப் போன் போட்டு ஒரு டின் கொண்டுவரச் சொன்னாள். துப்பாக்கி சாப்பாட்டு நேரத்தில் கொண்டுவந்து வைத்தான். கூடத்தைச் சுற்றிப் பார்த்து, "ஏன்க்கா, இது என்ன, பெரிய ரேடியேட்டரா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

புது டின்னைத் திறந்து, அதே அளவு, அதே கை. ஜன்னலடியில் இரண்டு தகடும் இரட்டைப் பிள்ளைகள் போல இருந்தன. மறைப்புக்குள் போனாள். விளக்கைப் போட்டாள்.

இரண்டாவது தகடு ரோஸாக நின்றது.

"வந்துடுச்சு!" என்று விளக்குக்காரர் கத்தியது கீழே தெருவில் கேட்டிருக்கும். கலரக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த ரோஸை அவளுக்குத் தெரியும். எச்சில் தொட்டுத் தேய்த்த ரோஸ் அது.

"வந்ததுன்னு சந்தோஷப்படறீங்க. இது என் கதவுங்க" என்றாள்.

டின்னைத் திருப்பிப் பார்த்தாள். மேலே அதே பெயர். ஓரத்தில் பொடி எழுத்தில் வேறு கம்பெனி. துப்பாக்கிக்குப் போன் போட்டாள்.

"டேய், இது எப்போ மாறுச்சு?"

"எதுக்கா? ஊதாவா? அது மாறி ரொம்ப நாளாச்சே. பழசு கிடைக்கலன்னு அண்ணன் இதை வாங்கிப் போட்டாரு. வாத்தியார் வண்டி வந்தப்போ நீதானே புது டின்னை உடைச்சே. ஒரே ஊதாதானே அக்கா?"

ஒரே ஊதாதான். அவளும் அன்று அப்படித்தான் பார்த்தாள். வாசல் நிழலில் பிடித்து, கண்ணைச் சுருக்கி, ஒண்ணா இருக்கு என்று சொன்னாள். சொன்னது பொய்யில்லை. ஆனாலும் அது பொய்.

அண்ணனிடம் சொன்னபோது அவர் ஏற்கவில்லை. "பேரு ஒண்ணு, பார்த்தா ஒண்ணு, பூசினா ஒண்ணு. அப்புறம் எங்கிருந்தும்மா ரோஸ் வந்துச்சு? டின்னுக்குள்ள ஒளிஞ்சிருந்துச்சா?" விளக்குக்காரர் சொன்ன ஓட்டை வெளிச்சத்தை அவள் எடுத்துச் சொல்லப் போய், பாதியில் தானே சிக்கிக்கொண்டாள். "நீங்களே வந்து பாருங்கண்ணே" என்று முடித்தாள்.

சிற்பத்தைச் சுவரில் ஏற்றி முடித்த பிறகு ஒரு பிற்பகலில் அவரை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள். காத்திருப்புக் கூடத்தில் நாற்காலி வரிசைகள், இருமல்கள், யாரோ யார் பெயரையோ கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அண்ணன் நோயாளிகளுக்கு நடுவே உட்கார்ந்து சுவரைப் பார்த்தார்.

"இதுக்கா இத்தனை நாள் போனே? பிரைமர் அடிச்சு அப்படியே விட்டுட்டுப் போன மாதிரி இருக்கு."

"கொஞ்சம் பொறுங்க."

ஜன்னல் திரைகள் தாமாகவே இறங்கின. சுவரோர விளக்குகள் எரிந்தன. தகடுகளின் நடுவிலிருந்து ஒரு ரோஸ் நிற ஓடை, யாரும் கொண்டுவராமல், மேலிருந்து கீழே வளைந்து இறங்கி நின்றது. இருமல்கூடக் கொஞ்சம் அடங்கியது. கையில் கட்டுப் போட்டிருந்த ஓர் அம்மா எழுந்து நின்று பின்னால் திரும்பி, "படம் போடற மெஷின் எங்க வச்சிருக்காங்க? சினிமாவுல காட்டற மாதிரி" என்று தேடினார்.

அண்ணன் நேரே சுவருக்குப் போனார். ஒரு தகட்டின் மேல் கையை வைத்து நிழல் விழச் செய்தார். நிழலுக்குள்ளும் ரோஸ். நகத்தால் சுரண்டப் போனவரை அவள் பிடித்து இழுத்தாள். திரைகள் மேலே ஏறின. கை வைத்த இடத்திலேயே தகடு சாம்பலானது.

"இது சாம்பலா, ரோஸா?"

"தெரியலண்ணே."

"நீ கலர்க்காரி. நீயே தெரியலன்னா நான் யார்கிட்ட போய்க் கேக்கறது?"

"ரெண்டும்தான்னு அவர் சொல்றாரு. அவர் சொல்லும்போது புரியுது. வெளியே வந்தா புரியல."

அண்ணன் மறுபடி வந்து உட்கார்ந்தார். திரை அடுத்து எப்போது இறங்கும் என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் கேட்டார். இவரைச் சீட்டெடுக்க வந்த நோயாளி என்று நினைத்து, "உங்களுக்கு என்ன தொந்தரவு?" என்று அந்த ஆள் விசாரித்தார். "நான் வாங்கின டின்" என்றார் அண்ணன். இன்னொரு தடவை ஓடை வந்து போகும்வரை எழுந்திருக்கவில்லை.

பழைய கம்பெனி ஊதாவை எங்கெங்கோ விசாரித்து வரவழைத்தார். கலரக்கா வாத்தியாரின் கதவைத் திரும்பக் கூட்டினாள், துப்பாக்கி அடித்தான். ஆனால் பெஞ்சு விஷயத்தை அண்ணன் வாத்தியார் வாயில் விட்டிருந்தார். "அவர் சரின்னு சொல்லட்டும். அப்புறம் உன் பெஞ்சு, உன் ராஜ்யம்."

அண்ணன், கலரக்கா, வாத்தியார் மூன்று பேரும் அடித்தளத்தில் வண்டியைச் சுற்றி நின்றார்கள். குழல் விளக்கு மினுமினுத்தது. வாத்தியார் குந்தி உட்கார்ந்து பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், போட்டுக்கொண்டு பார்த்தார். முகம் மலர்ந்தது.

"இப்ப சொல்லுங்கம்மா. எல்லாம் ஒண்ணா இருக்கா?"

அவர் கேட்டது மரியாதைக்கு. ஆமாம் என்றால் முடிந்தது. கலரக்கா கண்ணைச் சுருக்கினாள். கதவும் வண்டியும் ஒரே சாம்பல். கண் அப்படியே பின்னால் நகர்ந்து பம்பருக்குப் போனது. பம்பரில் ஒரு பச்சை. பாசியின் மூச்சுப் பட்ட மாதிரி, அவ்வளவுதான். அது பிளாஸ்டிக், வேறு இடத்தில் வேறு பெயிண்டில் குளித்து வந்து ஒட்டிக்கொண்டது. பட்டறையில் யாரும் அதைத் தொட்டதே இல்லை.

சொல்லாமல் விட்டால் என்ன? அண்ணன் அவள் முகத்தைப் படித்துவிட்டு, வேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னார். அவளுக்கும் சொல்ல வேண்டுமென்று இல்லை. ஆனால் ஒன்றாக இருக்கிறது என்ற வார்த்தை வாய் வரைக்கும் வந்து திரும்பிப் போனது.

"கதவு ஒண்ணா இருக்கு சார். பம்பர்தான் வேற."

"பம்பரா? அதை யாரு தொட்டாங்க?"

"யாரும் தொடல. கம்பெனியிலேருந்து வரும்போதே அப்படித்தான். இந்த வெளிச்சத்துலதான் தெரியும்."

வாத்தியார் பின்னால் போய்க் குனிந்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலையே… எங்க?" இடப்பக்கம் சாய்ந்தார், வலப்பக்கம் சாய்ந்தார். சட்டென்று அப்படியே நின்றார். "அட… ஆமா. பச்சை." முதுகை நிமிர்த்திக்கொண்டு அவளைப் பார்த்த பார்வையில் நன்றி இல்லை. "வாங்கினதுலேருந்து இந்த வண்டியைத் துடைக்கிறேன். ஒரு நாளும் கண்ணுல படல. நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம்ல? இனிமே நான் இதையேதானே பார்த்துக்கிட்டு நிப்பேன்?"

"பம்பரையும் சேர்த்து அடிச்சுத் தரோம் சார்" என்று அண்ணன் முந்திக்கொண்டார்.

"வேண்டாங்க. அப்புறம் இந்தம்மா கண்ணாடியில ஏதாவது கண்டுபிடிப்பாங்க." வாத்தியார் பெருமூச்சு விட்டார். "கதவு சரி. கதவைப் பத்தி எனக்குப் பேச்சு இல்ல."

அண்ணன் அவள் காதோரம் குனிந்தார். "பெஞ்சு உன்னுது. வாயை மட்டும் ஆபீஸ் ரூம்ல விட்டுட்டு வா."

சந்தோஷம் வந்திருக்க வேண்டிய இடம் அது. வந்ததா என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. "சார், வண்டியை மேல எடுக்கறீங்களா? மெதுவா" என்றாள். வாத்தியார் ஏறி ஓட்டினார். சரிவுப் பாதையில் வண்டி ஊர்ந்து ஏற, அவள் பம்பரும் உடம்பும் சேரும் கோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கூடவே பக்கவாட்டில் நடந்தாள். குழல் வெளிச்சம் பின்தங்கியது. மேலேயிருந்து பகல் வழிந்து வந்தது. பச்சை இருந்தது, இருந்தது, இன்னும் இருந்தது. பிறகு அவள் வெயிலில் நின்றுகொண்டிருந்தாள், வண்டி முழுக்க ஒரே சாம்பல். எந்த இடத்தில் மாறியது?

"சார், ஒரு தடவை பின்னாடி எடுங்க."

"எதுக்கும்மா?"

"விடும்மா!" என்று அண்ணன் கீழேயிருந்து கத்தினார். வாத்தியாருக்குப் பின்னால் வேறொரு வண்டி வந்து நின்று ஹாரன் அடித்தது.

"ஒரே ஒரு தடவை சார். மெதுவா. நான் கண்ணைச் சிமிட்டிட்டேன்."